இரண்டு மாத பில்லும் ஐந்து கிலோவாட் விலைப்புள்ளியும்

மதுரையில் வீடுகளுக்குச் சோலார் பேனல் அமைத்துத் தரும் ஒரு நிறுவனத்திடம் அண்மையில் விலைப்புள்ளி கேட்டேன். நான் வாட்ஸ்அப்பில் அனுப்பிய மின்கட்டண ரசீதிலிருந்த 4,014 ரூபாயை மாதக் கட்டணமாக எடுத்துக்கொண்டு, 5 கிலோவாட்டுக்கு 3,10,000 ரூபாய் என்று மறுநாளே பதில் வந்தது. தமிழ்நாட்டில் ரீடிங் எடுப்பது இரண்டு மாதத்துக்கு ஒருமுறை என்பது இந்தத் தொழிலில் இருப்பவர்களுக்குத் தெரியாததல்ல. சுட்டிக்காட்டியதும் மறுப்பின்றி 3 கிலோவாட்டாகத் திருத்தினார்கள். விலை 1,90,000 ரூபாய்.

ஆனால் அதுவும் எங்களுக்குக் கூடுதல்தான். அளவை ரூபாயிலிருந்து அல்ல, யூனிட்டிலிருந்து கணக்கிட வேண்டும். எங்கள் செலவு இரண்டு மாதத்துக்கு 720 யூனிட். ஒரு கிலோவாட் நாளொன்றுக்குச் சராசரியாக 4 யூனிட் தரும் என்று வைத்தால், 3 கிலோவாட் அறுபது நாளில் அந்த 720 யூனிட்டையும் ஈடுகட்டிவிடும். 2 கிலோவாட் 480 யூனிட் தரும், மீதி 240 யூனிட்டுக்கு மட்டும் மின்வாரியத்துக்குக் கட்ட வேண்டும். நெட் மீட்டரிங்கில், அதாவது வாரியத்திடம் எடுத்த யூனிட்டிலிருந்து நாம் அதற்குத் தந்த யூனிட்டைக் கழிக்கும் முறையில், நிகர யூனிட்டுக்கே கட்டணம் என்பதால், 2024 ஜூலைக் கட்டண விகிதப்படி அந்த 240 யூனிட்டில் முதல் 100 இலவசம், அடுத்த 100 யூனிட் 2.35 ரூபாய் வீதம், கடைசி 40 யூனிட் 4.70 ரூபாய் வீதம், ஆக 423 ரூபாய்தான். 500 யூனிட்டைத் தாண்டியதால் 8.40, 9.45 ரூபாய் என்று ஏறிய விலையுயர்ந்த யூனிட்டுகள் முதல் இரண்டு கிலோவாட்டிலேயே மறைந்துவிடுகின்றன.

மத்திய அரசின் சூரிய வீடு திட்டத்தில் மானியம் முதல் இரண்டு கிலோவாட்டுக்குத் தலா 30,000 ரூபாய், மூன்றாவதற்கு 18,000 ரூபாய். 78,000 ரூபாய்க்கு மேல் கிடையாது. இந்த நிறுவனம் 2 கிலோவாட்டுக்குக் கேட்டது 1,40,000 ரூபாய். மானியம் போக 80,000 ரூபாய். ஆண்டுக்கு ஏறத்தாழ 22,000 ரூபாய் மிச்சமாவதால் நான்கு ஆண்டுக்குள் முதல் திரும்பிவிடும். மூன்றாவது கிலோவாட்டுக்கு மட்டும் கைக்காசு 32,000 ரூபாய். அது மிச்சப்படுத்துவதோ ஆண்டுக்கு 2,500 ரூபாய் சொச்சம். பன்னிரண்டு ஆண்டுக்கு மேல் காத்திருக்க வேண்டும். (மின்வாரியத்தின் கம்பிகளைப் பயன்படுத்துவதற்கான நெட்வொர்க் கட்டணம் எதையும் இதில் சேர்க்கவில்லை.) இன்னொரு ஏசி வாங்கும் எண்ணம் உள்ளவர்களுக்குக் கணக்கு மாறும். இந்த ஒப்பீட்டை நிறுவனமே போட்டுக் காட்டியிருக்க வேண்டும். கேட்ட பிறகுதான் 2 கிலோவாட்டின் விலையையே சொன்னார்கள்.

நேரில் வந்து பார்த்த பணியாளரைப் பற்றி நல்லதே சொல்ல வேண்டும். மாலை நான்கு மணிக்கு மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டியின் நிழல் எதுவரை விழுகிறது என்று சாக்பீஸால் கோடு போட்டு, பேனல் வரிசையை அதற்கப்பால் தள்ளி வரைந்தார். மானியத்துக்கு உள்நாட்டுத் தயாரிப்புப் பேனல்களே செல்லும் என்பதையும், முழுத் தொகையையும் முதலில் நாம் கட்டிய பிறகே மானியம் வங்கிக் கணக்குக்கு வரும் என்பதையும் மறைக்காமல் சொன்னார்.

பொருத்தும் வேலைக்கு இவர்களை நம்பலாம் என்றே நினைக்கிறேன். அளவை மட்டும், ஓராண்டின் ஆறு ரீடிங்கையும் கூட்டிச் சராசரி பார்த்து, நீங்களே முடிவுசெய்துகொண்டு பேசுங்கள்.