ஜிப்பா, பட்டனா? பெட்டியா, தோள்பையா? பிள்ளைகளோடு நீண்ட விமானப் பயணம்: ஓர் அலசல்

சென்னையிலிருந்து துபாய்க்கு 4 மணி நேரம். அங்கே ஒரு காத்திருப்பு. பிறகு சான் ஃபிரான்சிஸ்கோவுக்குச் சுமார் 16 மணி நேரம். விடுமுறைக்குத் தாத்தா பாட்டியைப் பார்த்துவிட்டுத் திரும்பும் குடும்பங்களுக்கு இது பழகிய பாதைதான். ஆனால் கைக்குழந்தை, 4 வயது, 10 வயது என்று மூன்று பேரைக் கூட்டிக்கொண்டு கிளம்பினால், "பிள்ளைகளுக்கு என்ன போட்டுவிடலாம்?" என்ற கேள்வி மூன்றாகப் பிரிந்துவிடும். கைக்குழந்தைக்குக் கச்சிதமாக இருப்பது 4 வயதுக்குத் தொல்லை. 4 வயதுக்கு வசதியானதை 10 வயதுக்காரர் கையால்கூடத் தொடமாட்டார்.

இந்த அலசலுக்கு நான் வைத்திருக்கும் அளவுகோல் ஒன்றே ஒன்று. விமானக் கழிப்பறைக்குள் கதவைச் சாத்தியபின், ஒரு கை பிள்ளையைப் பிடித்திருக்கும்போது, மிச்சமிருக்கும் கையால் அதைக் கழற்றி மாட்ட முடியுமா? அழகும் விலையும் அதற்குப் பிறகுதான்.

கைக்குழந்தை: ஜிப், பிரஸ் பட்டன், ஜப்லா

கழுத்திலிருந்து கணுக்கால் வரை பிரஸ் பட்டன் வைத்த முழு உடுப்புதான் கடைகளில் அதிகம் கிடைக்கிறது. பரிசாக வருவதும் பெரும்பாலும் அதுவே. வீட்டுக் கட்டிலில் அதில் எந்தக் குறையும் இல்லை. விளக்கு அணைத்த விமானத்தில், காலை உதைத்துக்கொண்டிருக்கும் குழந்தைக்கு அத்தனை பட்டன்களையும் வரிசை தப்பாமல் போடுவது வேறு கதை. ஒன்று தப்பினால் கீழே கடைசிப் பட்டனுக்கு ஜோடி இருக்காது.

ஜிப் வைத்தது வேகமானது. ஆனால் மேலிருந்து மட்டும் திறக்கும் ஜிப்பாக இருந்தால், டயப்பர் மாற்ற நெஞ்சையும் சேர்த்துத் திறந்தாக வேண்டும். ஏசி காற்றில் குழந்தை வீறிடும். கீழிருந்தும் மேலிருந்தும் திறக்கும் இரட்டை ஜிப்தான் இந்தப் போட்டியில் என் தேர்வு. ஒரே இழுப்பில் கால் வெளியே, வேலை முடிந்ததும் ஒரே இழுப்பில் உள்ளே. பாதத்தையும் மூடும் மாதிரி வேண்டாம். குழந்தையை நெஞ்சோடு கட்டும் கேரியரில் உட்கார வைத்தால் துணி மேலே ஏறி, விரல்களை அழுத்தும். பாதம் திறந்த உடுப்பும் தனி சாக்ஸும் போதும்.

ஜப்லாவும் கால்சட்டையும்? சென்னை வெயிலுக்கு அதை மிஞ்ச எதுவும் இல்லை. விமானத்தில் மட்டும் அது தோற்றுப்போகிறது. தூக்கும்போதெல்லாம் ஜப்லா மேலே ஏறி முதுகு வெறுமையாகிவிடும்.

இன்னொரு போட்டியாளரையும் சொல்ல வேண்டும். தொடையிடுக்கில் பட்டன் வைத்த பாடிசூட் சிலவற்றில் தோள்பட்டைத் துணி ஒன்றன்மேல் ஒன்றாக மடிந்திருக்கும். அந்த மடிப்பு வெறும் அலங்காரம் அல்ல. கழுத்தை அகலமாக விரித்து, உடுப்பைத் தோள் வழியாகக் கீழ்ப்பக்கம் உருவிவிடலாம். டயப்பர் தாண்டி முதுகு வரை வந்துவிட்ட நாளில், அந்தத் துணியைத் தலைவழியே கழற்றியவர்களுக்கு இதன் அருமை புரியும். முதல் 4 மணி நேரத்துக்கு இதுவும் ஒரு பேன்ட்டும், நீண்ட பயணத்துக்கு இரட்டை ஜிப் என்று பிரித்துக்கொள்வது நல்ல ஏற்பாடு.

துணி என்றால் பருத்தி. மெத்மெத்தென்ற பாலியஸ்டர் ஃபிலீஸ் கடையில் கவர்ச்சியாக இருக்கும். வியர்க்க வைப்பது ஒரு குறை. தீ விபத்து போன்ற அவசரத்தில் செயற்கை இழை உருகித் தோலில் ஒட்டும் என்பது அதைவிடப் பெரியது. விமானப் பாதுகாப்பு ஆலோசனைகளில் இயற்கை இழைகளைப் பரிந்துரைப்பது இதனால்தான்.

வெள்ளி அரைஞாணும் கொலுசும் நம் வீட்டுப் பிரச்சினை. சோதனை வாசலில் கருவி கத்தினால் தூங்கும் குழந்தையின் உடுப்பை விலக்கிக் காட்ட வேண்டியிருக்கும். கறுப்புக் கயிற்றுக்கு அந்தத் தொல்லை இல்லை. கொலுசைப் பெரியவர்கள் எவ்வளவு வற்புறுத்தினாலும் பெட்டிக்குள் வையுங்கள். முன்வரிசைக்காரர் நள்ளிரவில் அதன் ஓசையை ரசிக்கமாட்டார்.

முதல் வரிசைத் தொட்டிலும் அதன் விலையும்

பாசினெட் எனப்படும் தொங்கு தொட்டில் கிடைக்கும் முதல் வரிசையா, சாதாரண வரிசையா? பலருக்கு இது கேள்வியே இல்லை. தொட்டில் என்றதும் கண்ணை மூடிக்கொண்டு கேட்டு வாங்குவார்கள். நான் கொஞ்சம் தயங்குவேன்.

தொட்டிலில் வைக்கும் குழந்தையின் எடைக்குப் பெரும்பாலும் 10 அல்லது 11 கிலோதான் உச்சவரம்பு. சீட் பெல்ட் விளக்கு எரியும்போது பெரும்பாலான நிறுவனங்கள் குழந்தையை எடுத்து மடியில் வைக்கச் சொல்லும். ஆட்டம் அதிகமான இரவில் தூங்கிய குழந்தையைத் திரும்பத் திரும்ப எழுப்ப நேரும். உடைக்கும் பைக்கும் இதில் என்ன சம்பந்தம் என்றால், முன்னால் சீட் இல்லாததால் காலடியில் பை வைக்க இடமே இல்லை. புறப்படும்போதும் இறங்கும்போதும் எல்லாம் தலைக்கு மேல் பெட்டிக்குள் போய்விடும். குழந்தைக்குப் பாலோ டயப்பரோ தேவைப்படும் நேரமும் அதுதான். போதாக்குறைக்கு, சாப்பாட்டுப் பலகை கைப்பிடிக்குள் மடங்கியிருப்பதால் அந்த வரிசையில் கைப்பிடிகளை உயர்த்த முடியாது. 4 வயதுப் பிள்ளை உங்கள் மடியில் தலைவைத்துக் கால் நீட்டிப் படுக்க வழியில்லை.

ஆகவே, 6 மாதக் குழந்தை மட்டும் என்றால் முதல் வரிசை. கூட ஒரு 4 வயது இருந்தால் சாதாரண வரிசைதான் எனக்குச் சரியாகப்படுகிறது. முதல் வரிசையே அமைந்துவிட்டால் ஒரு டயப்பர், கொஞ்சம் வைப்ஸ் (துடைக்கும் ஈரத்தாள்), ஒரு மாற்றுடை, பால் பாட்டில் ஆகியவற்றைத் துணிப்பையில் தனியாக வையுங்கள். பெல்ட் விளக்கு அணைந்ததும் பெரிய பையைக் கிளறாமல் அதை மட்டும் எடுத்துக்கொள்ளலாம்.

4 வயது: இங்கே எல்லாம் தலைகீழ்

கைக்குழந்தைக்கு வென்ற ஒற்றை உடுப்பு இங்கே படுதோல்வி. டங்காரி, ஜம்ப்சூட் போன்றவை புகைப்படத்துக்கு நன்றாக இருக்கும். கழிப்பறையில் தோளிலிருந்து முழுதாக இறக்க வேண்டும். இறக்கினால் வார்கள் ஈரத் தரையில் புரளும். அந்த ஈரம் எல்லாமே தண்ணீர் என்று நம்ப வேண்டாம். இலாஸ்டிக் இடுப்பு வைத்த டிராக் பேன்ட், மேலே முழுக்கை பனியன், அதற்கு மேல் முன்பக்கம் ஜிப் வைத்த மெல்லிய ஸ்வெட்டர். பையனோ பெண்ணோ இதுதான். கவுனும் லெக்கிங்ஸும் இரண்டாம் இடம். லெக்கிங்ஸ் இறுக்கமாக இருப்பதால் பாதித் தூக்கத்தில் இருக்கும் பிள்ளைக்கு மாட்டிவிடத் திணற வேண்டியிருக்கும். பட்டுப்பாவாடையை விமான நிலையத்தில் பார்க்கும்போதெல்லாம் மனதுக்குள் ஒரு கும்பிடு போடுவேன், அந்தத் தாயின் துணிச்சலுக்கு.

டயப்பர் விஷயம் இன்னும் சுவாரசியம். பக்கவாட்டில் ஒட்டும் சாதாரண டயப்பரை மாற்றக் குழந்தை படுக்க வேண்டும். கழிப்பறையில் சுவரிலிருந்து மடித்து இறக்கும் பலகை எல்லா அறைகளிலும் இருக்காது. இருந்தாலும் 4 வயதுக்குப் பற்றாது. பேன்ட் போல ஏற்றும் டயப்பரை நிற்க வைத்தே மாற்றலாம், பக்கத்தைக் கிழித்துக் கழற்றலாம். புதியதைப் போட ஷூவையும் பேன்ட்டையும் முழுசாகக் கழற்ற வேண்டும் என்பதுதான் அதன் குறை. கைக்குழந்தைக்கு ஒட்டுவது, நிற்கத் தெரிந்ததற்கு ஏற்றுவது.

வீட்டில் ஜட்டிக்குப் பழகிவிட்ட பிள்ளைக்கு மறுபடி டயப்பரா என்று சிலர் கோபப்படுவார்கள். சாப்பாட்டு வண்டி போனதும் கழிப்பறை வாசலில் சேரும் வரிசையையும், ஓடுபாதையில் காத்திருக்கும் நேரத்தையும் யோசித்தால், ஜட்டிக்கு மேல் ஒன்றை ஏற்றிவிடுவதில் கௌரவக் குறைவு எதுவும் இல்லை. ஜட்டி உள்ளே இருந்தால் ஈரம் தெரியும், பழகியதும் மறக்காது. தேவையில்லாத பிள்ளையை வற்புறுத்தவும் வேண்டாம்.

காலுக்கு என்ன? கயிறு கட்டும் ஷூ உடனே வெளியே. மிச்சப் போட்டி வெல்க்ரோ ஷூவுக்கும் க்ராக்ஸ் மாதிரிச் செருப்புக்கும். மாட்டக் கழற்ற க்ராக்ஸ்தான் வேகம், சந்தேகமில்லை. ஆனால் மென்மையான ரப்பர் செருப்பு எஸ்கலேட்டர் ஓரத்தில் சிக்கிக் குழந்தைகள் காயப்பட்டதால், 2008-இல் அமெரிக்க நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையம் எச்சரிக்கை விடுத்தது. பெரிய விமான நிலையம் என்றால் எஸ்கலேட்டர்களும் நகரும் நடைபாதைகளும்தான். நடக்கும்போது வெல்க்ரோ, விமானத்துக்குள் கனமான சாக்ஸ். கழிப்பறைக்கு மட்டும் மறுபடி ஷூ. சாக்ஸோடு உள்ளே அனுப்பினால் மாற்று சாக்ஸ் எத்தனை இருந்தாலும் போதாது.

10 வயதுக்காரர்

இங்கே அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. தடித்த ஜாக்கெட்டா, ஹூடியா என்றால் ஹூடி. சுருட்டினால் தலையணை, தலைமேல் இழுத்தால் வெளிச்சம் மறையும். ஜீன்ஸ் 16 மணி நேரத்தில் இடுப்பை அறுக்கும், அதை வீட்டிலேயே சொல்லிப் பாருங்கள். கேட்காவிட்டால் விட்டுவிடுங்கள், டிராக் பேன்ட் ஒன்றைச் சத்தமில்லாமல் பையில் வையுங்கள்.

பவர் பேங்கா, சீட்டில் இருக்கும் யூஎஸ்பி துளையா? பவர் பேங்கைக் கைப்பையில் மட்டுமே வைக்கலாம், அதன் மின் கொள்ளளவு 100 வாட்-மணிக்குள் இருக்க வேண்டும் என்பது பொது விதி. 2025 அக்டோபர் முதல் எமிரேட்ஸ் விமானங்களில் கூடவே கொண்டுபோகலாம், பறக்கும்போது பயன்படுத்தக் கூடாது. சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் அந்த ஆண்டு ஏப்ரலிலேயே இந்தத் தடையைக் கொண்டுவந்துவிட்டது. ஆகவே நீளமான கேபிள், வயர் உள்ள ஹெட்ஃபோன்.

ஏறி ஓட்டும் பெட்டியா, முதுகுப் பையா?

பிரிட்டனில் 2006-இல் வந்த ட்ரங்கி போன்ற பெட்டிகள் நம் ஊரிலும் பிரபலம். பிள்ளை ஏறி உட்கார, நாம் வாரைப் பிடித்து இழுக்கலாம். துபாய் போன்ற நீளமான நிலையங்களில் விழித்திருக்கும் பிள்ளைக்கு அது கொண்டாட்டம். கணக்கு மட்டும் உதைக்கிறது. காலியாகவே சுமார் 1.7 கிலோ, உள்ளே 18 லிட்டர் இடம். பல நிறுவனங்களில் கைப்பை வரம்பு 7 கிலோ. பிள்ளை தூங்கிவிட்டால், அது தூங்கத்தான் செய்யும், ஒரு தோளில் பிள்ளை, மறுகையில் சக்கரம் சரியாக உருளாத பிளாஸ்டிக் பெட்டி. முதுகுப் பையை நெஞ்சுப் பக்கம் மாட்டிக்கொள்ளலாம், இரண்டு கையும் மிச்சம். என் ஓட்டு முதுகுப் பைக்கே. 4 வயதின் பையில் ஒரு பொம்மையும் வண்ணப் பென்சிலும் போதும். முக்கியமான எதையும் அதில் வைக்காதீர்கள், அந்தப் பை எங்கே வேண்டுமானாலும் மறந்து வைக்கப்படலாம். 10 வயதின் பையில் அவருடைய மாற்றுடை, ஸ்வெட்டர், தண்ணீர் பாட்டில். சக்கரப் பெட்டி அவருக்கும் வேண்டாம். தலைக்கு மேல் போய்விட்டால் ஒவ்வொரு முறையும் நீங்கள்தான் எழுந்து இறக்க வேண்டும்.

பெரிய பைக்குள் அடுக்குவதிலும் இரண்டு கட்சி உண்டு. டயப்பரெல்லாம் ஒரு பக்கம், துணியெல்லாம் ஒரு பக்கம் என்று வகைபிரிப்பவர்கள் ஒரு கட்சி. ஒரு மாற்றத்துக்குத் தேவையான டயப்பர், துணி, வைப்ஸ், அழுக்குத் துணிக்கான கவர் எல்லாவற்றையும் ஒரே ஜிப் பைக்குள் போட்டு, அப்படிப் பல பைகள் செய்பவர்கள் இன்னொரு கட்சி. முதல் முறையில் இடம் மிச்சம். இரண்டாவதில் இருட்டில் கைவிட்டு ஒன்றை உருவினால் போதும். ஒற்றைக் கை அளவுகோலில் இரண்டாவதுதான். பெரியவர்களுக்கும் ஒரு சட்டையை அப்படிக் கட்டி வையுங்கள். வாந்தி எப்போதும் எடுத்தவர்மேல் மட்டும் விழுவதில்லை.

பால், சாப்பாடு, சிரப்

2006 ஆகஸ்டுக்குப் பிறகு வந்த 100 மில்லி திரவக் கட்டுப்பாட்டிலிருந்து குழந்தையின் பாலுக்கும் உணவுக்கும் விலக்கு உண்டு. பயணத்துக்குத் தேவையான அளவு கொண்டுபோகலாம், சோதனையில் தனியே எடுத்துக் காட்ட வேண்டும். கலந்த பாலா, பவுடரா என்றால் பவுடர். கலந்த பாலை 2 மணி நேரத்துக்கு மேல் வைத்திருக்கக் கூடாது. உலக சுகாதார நிறுவனம் பவுடரை 70 டிகிரிக்குக் குறையாத நீரில் கலந்து, ஆற வைத்துக் கொடுக்கச் சொல்கிறது. ஒரு வேளைக்கான அளவைச் சின்ன டப்பாக்களில் பிரித்து வைத்து, விமானப் பணியாளரிடம் வெந்நீர் கேளுங்கள். ஆற நேரம் பிடிக்கும், பசி அழுகைக்கு முன்பே கேட்க வேண்டும். விமானம் கீழே இறங்கத் தொடங்கும்போது சப்புவதற்கு ஒரு வேளைப் பாலை மிச்சம் வையுங்கள், காது அடைப்புக்கு அதுவே மருந்து.

பெரிய பிள்ளைகளுக்கு இட்லியா தயிர்சாதமா? பொடி தடவிய இட்லி. தயிர்சாதத்தைத் திடமாகப் பார்ப்பதா திரவமாகப் பார்ப்பதா என்பது அன்றைக்குச் சோதனையில் நிற்பவர் மனம். அமெரிக்காவில் இறங்கும்முன், விமானத்தில் கொடுத்த ஆப்பிள் பிள்ளையின் பையில் இருக்கிறதா என்று பாருங்கள். சுங்கத்தில் பழத்தைச் சொல்லாமல் கொண்டுபோனால் அபராதம் விழலாம்.

தூங்க வைக்கும் சிரப்பை எடுத்துவைக்கச் சொல்லும் உறவினர் எல்லாக் குடும்பத்திலும் உண்டு. இதில் ஒப்பிட ஒன்றுமில்லை. அந்த வகையில் அதிகம் புழங்கும் ப்ரோமெதசினை 2 வயதுக்கு உட்பட்டவர்களுக்குக் கொடுக்கக் கூடாது, மூச்சு அடங்கிவிடும் ஆபத்து உண்டு என்று அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2004-லேயே கட்டமிட்ட எச்சரிக்கை சேர்த்தது. பெரிய பிள்ளைகளில் சிலருக்கு இந்த வகை மருந்து தூக்கத்துக்குப் பதில் துள்ளலைக் கொடுக்கும். காய்ச்சலுக்கு உங்கள் மருத்துவர் எழுதிக்கொடுத்த மருந்தை அதன் பாட்டிலோடும் சீட்டோடும் வையுங்கள், அவ்வளவுதான்.

டிக்கெட் எடுக்கும்போதே ஒன்றைப் பார்த்துக்கொள்ளுங்கள். 2 வயதுக்குள் என்றால் மடிக் குழந்தை, கட்டணமும் குறைவு. போகும்போது ஒன்றேமுக்கால் வயதாக இருந்து, ஊரில் இருக்கும்போதே இரண்டு முடிந்துவிட்டால், திரும்பும் பயணத்துக்குத் தனி சீட்டு எடுத்தாக வேண்டும். அப்போது மேலே சொன்ன தொட்டில் கணக்கை விட்டுவிட்டு, டிராக் பேன்ட் பக்கத்துக்கு வந்துவிடலாம்.