ஏழுபடி நற்செய்திப் பகிர்வு: ஆறாம் படியைத் தவிர்த்துவிடாதீர்கள்

அன்பியம் என்பது ஒரு கத்தோலிக்கப் பங்கில் அக்கம்பக்கத்துக் குடும்பங்கள் வீடுகளில் கூடும் சிறு கிறிஸ்தவக் குழுமம். அந்தக் கூட்டத்தை நடத்த இன்று கையில் இருக்கும் முறைகளில், விவிலியப் பகுதி ஒன்றை ஏழு படிகளில் வாசித்துப் பகிரும் ஏழுபடிதான் சிறந்தது. தென்னாப்பிரிக்காவின் லும்கோ என்ற கத்தோலிக்கப் பயிற்சி நிறுவனத்தில் உருவானது. 1990-இல் இந்தோனேசியாவின் பாண்டுங்கில் கூடிய ஆசிய ஆயர்கள் சிறு கிறிஸ்தவக் குழுமங்களுக்கு முக்கியத்துவம் கொடுத்த பிறகு ஆசியாவில் பரவலாயிற்று. பங்குத்தந்தை வராவிட்டாலும், அதிகம் படிக்காதவர்களும் நடத்தலாம்.

பத்துப் பதினைந்து பேர், ஒரு மணி நேரம், பத்துப் பதினைந்து வசனங்கள் போதும். எல்லார் கையிலும் ஒரே மொழிபெயர்ப்பு இருக்கட்டும். பாதிப் பேர் 1995-இல் வந்த விவிலியப் பொது மொழிபெயர்ப்பும் மீதிப் பேர் பழையதும் வைத்திருந்தால் மூன்றாம் படியிலேயே தடுமாறும்.

முதல் இரண்டு படிகள் ஆண்டவரை அழைப்பதும் வாசிப்பதும், சிக்கலில்லை. மூன்றாவதில் மனதைத் தொட்ட சொல்லை மட்டும் மும்முறை நிறுத்திச் சொல்ல வேண்டும். இயேசு சீடர்களின் காலடிகளைக் கழுவும் யோவான் 13-இல் ‘ஒரு துண்டை எடுத்து’ என்று ஒருவர் மெதுவாகச் சொல்லும்போது, நூறு முறை கேட்ட பகுதி புதிதாகக் கேட்கும். முழு வசனத்தையும் வாசித்து விளக்கம் சொல்லத் தொடங்கினால் அது போய்விடும். நான்காவது மௌனம்: மூன்று நிமிடமாவது வேண்டும், கடிகாரம் பார்த்துக் காக்க வேண்டும். ஐந்தாவது பகிர்வு. ‘எனக்கு’ என்று தொடங்க வேண்டும். ‘நாமெல்லாம் இப்படித்தான்’ என்று தொடங்கினால் அடுத்து வருவது பிரசங்கம். ஒருவர் சொன்னதற்கு இன்னொருவர் பதில் சொல்லக் கூடாது.

ஆறாவதுதான் உயிர். ஆண்டவர் இந்த வாரம் நம்மிடம் என்ன கேட்கிறார் என்று சேர்ந்து தேடி, ஒரு வேலையை முடிவுசெய்யும் இடம். அன்பு கீழ்ப்படிதலாக மாறுவது இங்கேதான். பல அன்பியங்களில் இந்தப் படிக்கு உரிய நேரத்தைத் திருவிழா வரியும் பங்கு அறிவிப்பும் விழுங்கிவிடுகின்றன; ஐந்திலிருந்து நேராக ஏழாம் படிச் செபத்துக்குத் தாவி டீ குடித்துக் கலைகிறார்கள். அது செபக் கூட்டம், அன்பியம் ஆகாது.

இதற்கு ஒரு நாற்பது பக்க நோட்டு போதும். ‘நோயாளிகளைச் சந்திப்போம்’ என்று எழுதினால் யாரும் போக மாட்டார்கள். ‘கடைசி வீட்டுப் பாட்டிக்குச் செவ்வாய் காலை டயாலிசிஸ், துணைக்கு இன்னார்’ என்று ஆள், நாள், வேலை மூன்றும் இருக்க வேண்டும். அடுத்த கூட்டத்தில் ஆறாம் படியை அந்த வரியிலிருந்தே தொடங்குங்கள்: நடந்ததா, நடக்கவில்லையென்றால் ஏன்? குற்றம் சாட்ட அல்ல, பாரம் யாருக்கு அதிகமாயிற்று என்று பார்க்க.

இன்னொரு கோளாறு கவலைக்குரியது. ஒருங்கிணைப்பாளர் முடிவெடுத்து, ‘சரிங்கக்கா’ என்று சொல்லும் அதே இரண்டு பெண்கள் தலையில் எல்லா வேலையையும் கட்டுவது. இதைக் கீழ்ப்படிதல் என்று புகழ்கிறார்கள். சுரண்டல் என்பதே சரி. கீழ்ப்படிதல் இருபக்கமும் ஓட வேண்டும். வேலையைச் சொன்னவரே அடுத்த முறை வேலையை வாங்கிக்கொள்ளட்டும். ஒருங்கிணைப்பாளர் பொறுப்பும் கைமாறட்டும்.

கூட்டம் வீடு வீடாகச் சுழல்வதால் பலகாரத்துக்கும் வரம்பு வையுங்கள். டீ மட்டும் என்று தொடக்கத்திலேயே முடிவுசெய்யாவிட்டால், ஒரு வீட்டில் கேசரி, அடுத்த வீட்டில் பிரியாணி என்று ஏறிக்கொண்டே போய், ஒற்றை அறையில் இருக்கும் குடும்பம் ‘எங்க வீட்டுல இப்ப வசதிப்படாதுங்க’ என்று ஒதுங்கிக்கொள்ளும்.

இந்த முறைக்கு என் மதிப்பெண் ஐந்துக்கு நான்கரை. ஆறாம் படி இல்லாமல் நடத்தினால் இரண்டுக்கு மேல் கொடுக்க முடியாது.