லண்டன் குழாய்த் தண்ணீரில் பீர்: எந்தப் பொடி தேறியது?

வீட்டில் பீர் காய்ச்சுகிறவர்களின் அலமாரியைத் திறந்தால் பாதி இடம் பொடிக்கும் புட்டிக்கும் போயிருக்கும். லண்டன் தண்ணீரில் சில வருடங்களாகக் காய்ச்சியதில் எதைத் திரும்பத் திரும்ப வாங்குகிறேன், எது வெறும் தண்டச் செலவு என்று எழுதுகிறேன். (பிரிட்டனில் 1963 முதல் இதற்கு உரிமம் தேவையில்லை, விற்காத வரைக்கும். தமிழ்நாட்டில் சட்டப்படி குற்றம். ஊரிலிருந்து படிப்பவர்கள் தகவலாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.)

முதலிடம் தண்ணீரிலுள்ள குளோரினையும் குளோரமினையும் போக்கும் கேம்டன் மாத்திரைக்கு. உள்ளே இருப்பது சோடியம் அல்லது பொட்டாசியம் மெட்டாபைசல்ஃபைட். லண்டன் குழாயில் வருவது பெரும்பாலும் குளோரமின் (குளோரினும் அம்மோனியாவும் சேர்ந்த கிருமிநாசினி) போட்ட தண்ணீர். வெறும் குளோரின் என்றால் ராத்திரி திறந்து வைத்தாலே பெருமளவு போய்விடும். குளோரமின் லேசில் நகராது. மால்ட்டிலும் (முளைகட்டி உலர்த்திய பார்லி) ஈஸ்ட்டிலும் இருந்து வரும் ஃபீனாலோடு சேர்ந்து குளோரோஃபீனாலாக மாறினால் பீரில் ஆஸ்பத்திரி வாடைதான், கசப்புக்கும் மணத்துக்கும் போடும் ஹாப்ஸ் பூவை எவ்வளவு கொட்டினாலும் மறையாது. 25 லிட்டருக்கு அரை மாத்திரை தாராளம். இரண்டு ஸ்பூனுக்கு நடுவே நசுக்கிக் கலக்கினால் சில நிமிடத்தில் வேலை முடிந்தது. நசுக்கும்போது தீக்குச்சி கிழித்த நெடி மூக்கில் ஏறும். ஆஸ்துமா உள்ளவர்கள் அந்த வேலையை வேறு யாரிடமாவது தள்ளிவிடுங்கள். இத்தனை மலிவான பொருள் இவ்வளவு வித்தியாசம் காட்டுவது எனக்கு இன்னமும் ஆச்சரியம்தான்.

கிருமி நீக்க ஸ்டார் சான். பாஸ்பாரிக் அமிலமும் நுரைக்கிற இன்னொரு அமிலமும் கலந்தது. லிட்டருக்கு ஒன்றரை மில்லி. பாட்டிலின் வயிற்றை அமுக்கினால் மேலே உள்ள சின்ன அறையில் திரவம் ஏறி நிற்கும், கோட்டைப் பார்த்து ஊற்றலாம். ஒன்றிரண்டு நிமிடம் ஈரமாக இருந்தால் போதும், கழுவ வேண்டாம். மிஞ்சும் நுரையைப் பார்த்துப் புதியவர்கள் பதறுவார்கள். அந்த அளவு பீரையும் கெடுக்காது, ஈஸ்ட்டையும் ஒன்றும் செய்யாது.

சிக்கல் லண்டன் தண்ணீரில்தான். இங்கே கலக்கினால் சீக்கிரமே பால் மாதிரி வெளுத்துவிடும், நுரைக்கும் பொருளைக் கால்சியம் பிடித்துக்கொள்வதால். காய்ச்சி வடித்த தண்ணீரில் கலந்து ஸ்ப்ரே பாட்டிலில் வைத்தால் பல வாரம் தெளிவாக நிற்கும். அமில அளவைக் காட்டும் பிஎச் தாளில் 3-க்கு மேல் காட்டினால், அமிலம் போதாது என்று கொட்டிவிடுகிறேன். வாளி நிறையக் கரைக்கத் தேவையே இல்லை, ஸ்ப்ரே போதும் என்பதால் ஒரு பாட்டில் ரொம்ப நாள் வரும். ஒரு எச்சரிக்கை: கலக்காத திரவம் மார்பிள் மேடையில் சொட்டினால் அரித்துவிடும்.

அழுக்கு இருந்தால் எந்தச் சானிடைசரும் வேலை செய்யாது. அதற்கு சோடியம் பெர்கார்பனேட்டை வெந்நீரில் கரைத்து ஊற வைக்கிறேன். தேய்க்காமலே ஈஸ்ட் படிவு உரிந்து வரும். பின்னால் படியும் வெள்ளைப் படலத்தை ஸ்டார் சானின் அமிலமே எடுத்துவிடும். குளோரின் பொடிகள் மலிவு, ஆனால் பலமுறை அலச வேண்டும், ஸ்டீலுக்கும் ஆகாது. அயோடின் வகை பிளாஸ்டிக் குழாயைப் பழுப்பாக்குகிறது. இரண்டையும் விட்டுவிட்டேன்.

தண்ணீர் உப்புகளுக்கு வருவோம். ஜிப்சம் (கால்சியம் சல்ஃபேட்) போட்டால் கசப்பு கூர்மையாகும், வாயில் வறட்சியாக முடியும். பீருக்குப் பேர்போன இங்கிலாந்தின் பர்ட்டன் ஊர்த் தண்ணீரின் புகழே இந்த சல்ஃபேட்தான். கால்சியம் குளோரைடு மால்ட்டின் திரட்சியைத் தூக்கிக் கொடுக்கும். 10 லிட்டருக்கு 1 கிராம் ஜிப்சம் சுமார் 56 பிபிஎம் (லிட்டருக்கு 56 மில்லிகிராம்) சல்ஃபேட் சேர்க்கும் என்பதை நினைவில் வைத்தால் கணக்குச் சுலபம். ஆனால் லண்டனில் உப்புக்கு முன்னால் காரத்தன்மையைக் குறைக்க வேண்டும். கெட்டிலில் சுண்ணாம்பு படிய வைக்கும் அதே பைகார்பனேட்தான் மாஷின் (வெந்நீரில் ஊறும் மால்ட் கலவை) பிஎச்சை 5.2–5.6-க்கு இறங்கவிடாது. கறுத்த மால்ட்டின் அமிலம் அதைச் சரிக்கட்டும், அதனால்தான் போர்ட்டர் என்ற கறுப்பு பீர் இந்த ஊரில் நன்றாக வந்தது. வெளிர் பீருக்கு சி.ஆர்.எஸ். என்ற அமிலக் கலவையை அளந்து விடுகிறேன். லாக்டிக் அமிலமும் ஆகும், ஆனால் இந்தத் தண்ணீருக்குத் தேவைப்படும் அளவில் புளிப்பு நாக்கில் தெரிந்துவிடுகிறது.

பிஎச்சை 5.2-இல் தானாக நிறுத்தும் என்று விற்கிற பொடி ஒன்று வாங்கினேன். மீட்டர் அசையவே இல்லை. அந்தக் காசுக்கு ஒரு நல்ல பிஎச் மீட்டரில் பாதி வாங்கியிருக்கலாம்.

கால்சியம் குளோரைடை மட்டும் இறுக்கமான டப்பாவில் வையுங்கள். மூடி சரியில்லையென்றால் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சி நசநசவென்று கட்டியாகிவிடும். அப்புறம் தராசில் காட்டும் கிராமில் பாதி தண்ணீர்.