தப்பு வந்தால் என்ன சொல்லித்தருகிறது? மென்பொருள் படிக்க நான் எடுத்துப் பார்த்த பாடங்கள்

ராணிப்பேட்டையில் ஒரு ஷூ கம்பெனியில் கணக்கு எழுதுகிறேன். படித்தது பி.காம்., வீடு காட்பாடி. ஒன்றரை வருடமாக ராத்திரி எட்டரைக்கு மேல் உட்கார்ந்து மென்பொருள் படிக்கிறேன், அதற்காகப் பல பாடங்களை எடுத்துப் பார்த்துவிட்டேன். போன மாதம் சித்தி மகன் "அண்ணா, நான் எதுல ஆரம்பிக்கட்டும்?" என்று கேட்டான். அவனுக்குச் சொன்னதுதான் இது.

முதலில் காசு போன கதை. வேலூரில் ஒரு பயிற்சி மையத்தில் 18,000 ரூபாய் கட்டிச் சேர்ந்தேன். ஸ்பைரல் போட்ட ஜெராக்ஸ் நோட்டு கொடுத்தார்கள், அதே நோட்டு பிடிஎஃப்பாக வாட்ஸ்அப்பிலும் வந்தது. அதிலிருந்து பைத்தான் என்ற நிரல் மொழியின் வரிகளை எடுத்து ஒட்டினால் ஒன்றுகூட ஓடவில்லை. நமக்கு இது வராது போல என்று இரண்டு நாள் மனசு விட்டுப்போனது. காரணம் வெறும் மேற்கோள் குறி. நோட்டை வேர்டில் அடித்திருக்கிறார்கள். வேர்டு நேரான குறியை வளைந்த குறியாக மாற்றிவிடும், பைத்தான் அதை ஏற்காது, ‘இன்வேலிட் கேரக்டர்’ என்று சொல்லி நின்றுவிடும். எந்த வரி, எந்த எழுத்து என்று திரையிலேயே இருந்தது. அதைப் படிக்க வேண்டும் என்று அந்த வகுப்பில் கடைசிவரை யாரும் சொல்லவில்லை, அதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை. நோட்டின் பின்பாதியில் அடைப்புக்குறி இல்லாத ‘பிரிண்ட்’ கட்டளை வேறு. அது பழைய பதிப்பான பைத்தான் 2, அதற்கான ஆதரவு 2020 தொடக்கத்திலேயே முடிந்துவிட்டது.

அதன்பிறகு எந்தப் பாடத்தை எடுத்தாலும், தப்பு வந்தால் இது என்னை என்ன செய்யச் சொல்கிறது என்பதைத்தான் முதலில் பார்க்கிறேன்.

அப்படிப் பார்த்தால் என் கையில் முதலில் நிற்பது ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் சிஎஸ்50 என்ற ஆன்லைன் பாடம். டேவிட் மாலன் நடத்துகிறார், முழுக்க இலவசம். கட்டங்களை இழுத்துச் சேர்க்கும் ஸ்கிராட்ச்சில் ஆரம்பித்து, சில வாரம் சி மொழி, அப்புறம் பைத்தான், தரவுத்தளத்துக்கான எஸ்கியூஎல், வெப் என்று போகும். வீடியோவைவிட வாராவாரம் கொடுக்கும் கணக்குகள்தான் இதன் உயிர். நாம் எழுதியதை ‘செக்50’ என்ற கருவியிடம் கொடுத்தால், எந்தச் சோதனையில் தோற்றது, என்ன விடை எதிர்பார்த்தது, நமக்கு என்ன வந்தது என்று காட்டும். எப்படித் திருத்துவது என்று சொல்லாது, அதை நாம்தான் தேட வேண்டும். ‘டீபக்50’ வைத்து வரிவரியாக ஓட்டி, ஒரு மாறியில் (மதிப்பை வைக்கும் பெயரில்) என்ன மதிப்பு இருக்கிறது என்று கண்ணால் பார்க்கலாம். எல்லாம் பிரவுசரிலேயே ஓடுவதால் பழைய லேப்டாப் போதும். கஷ்டம் இல்லை என்று சொல்ல மாட்டேன். நான்காவது வாரத்தில் பாயின்டர், அதாவது நினைவக முகவரியை வைத்திருக்கும் மாறி, வரும். அந்த ஒரு பாடத்துக்கு எனக்கு மூன்று வாரம் ஆனது, ஆனால் நினைவகத்தில் என்ன நடக்கிறது என்பது அங்கேதான் புரிந்தது.

ஆங்கிலம் தடுக்கிறதா? ஐஐடி பாம்பேயின் ஸ்போக்கன் டுடோரியல் தமிழில் இருக்கிறது. ஒவ்வொன்றும் பத்து நிமிடம் போல, நிறுத்தி நிறுத்தித் தட்டிப் பார்க்க வேண்டிய முறை. சில பாடங்கள் பழைய பதிப்பு மென்பொருளில் பதிவானவை, திரை கொஞ்சம் வேறாகத் தெரியும். லினக்ஸ் கட்டளைகளுக்கு எனக்கு இது நன்றாகவே உதவியது. கணியம் தளத்தில் தமிழ் மின்னூல்களும் இலவசம். மைஎஸ்கியூஎல் என்ற தரவுத்தள மென்பொருள் பற்றிய நூலை ராணிப்பேட்டை பஸ்ஸிலேயே போனில் படித்து முடித்தேன்.

ஃப்ரீகோட்கேம்ப் என்ற இலவசத் தளம் சின்னச் சின்னப் படியாகப் போகும், பயமே வராது. ஆனால் கட்டத்தை நிரப்பிப் பழகிய கை வெற்றுக் கோப்பைத் திறந்தால் நின்றுவிடுகிறது. அதனால் சான்றிதழுக்காகக் கேட்கும் புராஜெக்ட்டுகளை விடாமல் செய்யுங்கள். ஐஐடிகள் சேர்ந்து நடத்தும் ஆன்லைன் பாடத் தளமான என்பிடெல்லில் மாதவன் முகுந்த் நடத்தும் பைத்தான் பாடம் அருமை, 8 வாரம், தேர்வு எழுதினால்தான் கட்டணம்; முதல் பாடமாக மட்டும் எடுக்காதீர்கள், வேகம் அதிகம்.

பழைய புத்தகக் கடையில் சி புத்தகம் வாங்குவதாக இருந்தால் முதல் நிரலைப் பாருங்கள். கோனியோ.ஹெச், வாய்டு மெயின் என்று இருந்தால் அது டர்போ சி என்ற பழைய மென்பொருள் காலத்துப் புத்தகம், வைத்துவிடுங்கள். லினக்ஸில் ஜிசிசியில் (சி நிரலைக் கணினி ஓட்டும்படி மாற்றும் கருவி) போட்டால் கோனியோ.ஹெச் என்ற கோப்பே இல்லை என்று ஆரம்பத்திலேயே நின்றுவிடும்.

நிரல் எழுதத் தெரிந்தால் மட்டும் வேலை முடிந்ததாக ஆகாது. நாலு பேர் ஒரே கோப்பில் கை வைக்கும் இடத்தில், யார் எதை மாற்றினார்கள் என்று பதிந்து வைக்கும் கிட் என்ற கருவி தெரியாமல் ஒரு நாள்கூட ஓட்ட முடியாது. கிட்டின் அதிகாரபூர்வத் தளத்திலேயே முழுப் புத்தகம் இலவசமாக இருக்கிறது, முதல் மூன்று அத்தியாயம் போதும். நான் இதை மிகத் தாமதமாகத் தொட்டேன். தம்பியை முதல் மாதமே ஆரம்பிக்கச் சொல்லிவிட்டேன்.

அவன் இப்போது சிஎஸ்50-இல் இரண்டாவது வாரத்தில் இருக்கிறான். பிழை வந்தால் எனக்கு அனுப்புவதற்கு முன் அந்தச் செய்தியை ஒரு நோட்டில் தமிழில் எழுதிப் பார்க்கச் சொல்லியிருக்கிறேன். பாதி நாள் போனே வருவதில்லை.