தென்காசிப் பக்கம் ஓய்வுகால வீடு பார்க்கிறீர்களா? முன்பணம் கொடுக்கும் முன் இதைப் படியுங்கள்

தென்காசி, குற்றாலம், செங்கோட்டை வட்டாரத்தில் "55 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கான குடியிருப்பு" என்று வரும் விளம்பரங்களைப் பார்த்து வீடு வாங்க நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். அப்படி ஒரு நிறுவனத்திடம் எங்கள் பணம் 20 லட்ச ரூபாய் மாட்டிக்கொண்டிருக்கிறது. வழக்கு நடப்பதால் நிறுவனத்தின் பெயரைப் போடவில்லை. இதே வார்த்தைகளோடு, இதே படங்களோடு, வேறு ஊர்களில் வேறு பெயர்களிலும் விளம்பரம் வருகிறது. அதனால் பெயரைவிட அவர்கள் வேலை செய்யும் விதத்தைத் தெரிந்துகொள்வது உதவும்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஊர்மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. எனக்கு அடுத்த வருடம் ஓய்வு. மகள் பெங்களூரில் இருக்கிறாள், சென்னையில் எங்களுக்கு வாடகை வீடுதான். சின்ன ஊராக இருக்க வேண்டும், ஆனால் ஒரு சான்றிதழுக்கும் ஒரு ஸ்கேனுக்கும் நெடுந்தூரம் அலையக் கூடாது என்பது எங்கள் கணக்கு. தென்காசி 2019 நவம்பரிலிருந்து மாவட்டத் தலைநகர். அரசுத் தலைமை மருத்துவமனை இருக்கிறது. எழும்பூரில் இரவு பொதிகை ரயில் ஏறினால் விடிந்ததும் தென்காசியில் இறங்கலாம். காசி விஸ்வநாதர் கோயில், பக்கத்திலேயே குற்றாலம், காய்கறிக்குப் பாவூர்சத்திரம் சந்தை. இது எல்லாமே உண்மை. உண்மையாக இருப்பதால்தான் அதை வைத்து வியாபாரம் செய்ய முடிகிறது.

எங்களை அழைத்துப்போனது ஆடி மாதம். சாரல் விழுந்துகொண்டிருந்தது, மலை முழுக்க மேகம். மேலாளர் குடை பிடித்துக்கொண்டு "சார், அம்மா, இந்தக் காற்றுக்கே பத்து வயசு கூடும்" என்றார். முதல் கட்டத்தில் நாற்பது வீடுகள்வரை முடிந்து ஆட்கள் குடியிருந்தார்கள். எங்களுக்குக் காட்டியது இரண்டாம் கட்டம், காலி நிலம். விலை 48 லட்சம். மெஸ்ஸில் மூன்று வேளைச் சாப்பாடு, பகலும் இரவும் நர்ஸ், 24 மணி நேர ஆம்புலன்ஸ், வாரம் ஒருமுறை டாக்டர், தாமிரபரணித் தண்ணீர், மலையைப் பார்த்த வராந்தா என்று வழவழப்பான தாளில் அச்சடித்த புத்தகம் ஒன்றைக் கொடுத்தார்கள்.

வெளியே டீக்கடையில் ஒருவர் மட்டும் வேறு மாதிரிப் பேசினார். "சார், சீசனைப் பாத்துட்டு முடிவு பண்ணாதீய. சித்திரையில வந்து ஒரு வாரம் கெடந்து பாருங்க, அப்புறம் சொல்லுங்க." சீசன் என்பது ஜூன் முதல் ஆகஸ்ட் வரைதான். ஏப்ரல், மே வெயில் மற்ற இடங்களைப் போலத்தான் இங்கும். சீசன் சனி ஞாயிறுகளில் அருவிக்கு வரும் வண்டிகளால் சாலை அடைபடும் என்பது இன்னொரு விஷயம். அவசரத்துக்கு ஆஸ்பத்திரி போக வேண்டியவர்கள் அதையும் நினைத்துப் பார்க்க வேண்டும். சித்திரையில் நான் மறுபடி போனபோது தோட்டத்துக்கு விடும் போர் தண்ணீர் நின்றுபோய், குடியிருப்புக்கு லாரியில் தண்ணீர் வந்துகொண்டிருந்தது. தாமிரபரணித் தண்ணீர் எங்கே என்று கேட்டேன். கூட்டுக் குடிநீர்த் திட்ட இணைப்புக்கு ஊராட்சியில் விண்ணப்பித்திருக்கிறோம் என்றார்கள். முகவரியில் தென்காசி என்று இருந்தாலும் இடம் நகராட்சிக்கு வெளியே, கிராம ஊராட்சியில் இருக்கிறது. அதை யாரும் முன்பே சொல்லவில்லை.

பணம் வாங்கிய கதைக்கு வருகிறேன். "இந்த வாரம் கட்டினால் 2 லட்சம் தள்ளுபடி, லோன் எல்லாம் எதுக்கு சார், இந்த வயசுல" என்றார்கள். முன்பதிவுப் படிவம் ஒன்று, முத்திரைத்தாளில் பதிவு செய்யாத ஒப்பந்தம் ஒன்று. வீட்டுக்கு 14 லட்சம் வாங்கினார்கள். அதோடு "திரும்பப் பெறக்கூடிய சேவை டெபாசிட்" என்று 6 லட்சம். டெபாசிட்டுக்கு வட்டி கிடையாது. அதே 6 லட்சத்தை மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் போட்டால் 8.2% வட்டியில் வருடத்துக்கு 49,200 ரூபாய் வரும். அவர்கள் வட்டியில்லாமல் வைத்துக்கொள்வது அந்தத் தொகையைத்தான்.

ரெரா என்கிற ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டத்தின் 13ஆம் பிரிவு என்ன சொல்கிறது தெரியுமா? பதிவு செய்த விற்பனை ஒப்பந்தம் இல்லாமல் விலையில் 10 சதவீதத்துக்கு மேல் முன்பணம் வாங்கக் கூடாது. 48 லட்சத்துக்கு அது 4 லட்சத்து 80 ஆயிரம். எங்களிடம் வாங்கியது அதைப்போல ஏறக்குறைய மூன்று மடங்கு. அதைக் கேட்டதற்கு "சார், எல்லாருமே இப்படித்தான் வாங்குறாங்க" என்றார் மேலாளர், கோபப்படாமல்.

கடன் வேண்டாம் என்று அவர்கள் தடுத்ததற்குக் காரணம் பிறகு புரிந்தது. மகளோடு சேர்ந்து ஒரு கூட்டுக் கடனுக்கு வங்கிக்குப் போனோம். வங்கி வக்கீல் சர்வே எண்ணைப் பார்த்துவிட்டு ஒரே நாளில் காகிதத்தைத் திருப்பி அனுப்பிவிட்டார். விளம்பரப் புத்தகத்தில் அச்சடித்திருந்த ரெரா பதிவு எண் உண்மையானது, ஆனால் அது முதல் கட்டத்துக்கு உரியது. எங்கள் மனை இருந்த சர்வே எண் அந்தப் பதிவிலேயே இல்லை. மனைப்பிரிவுக்கு நகர் ஊரமைப்பு இயக்ககம் தரும் டிடிசிபி ஒப்புதலும் அப்படித்தான், முதல் கட்டத்தோடு நிற்கிறது. இரண்டாம் கட்ட நிலம் பதிவேட்டில் இன்னும் நஞ்சை, அதாவது விவசாய நிலம். பட்டா ஒரு மூன்றாம் ஆளின் பெயரில். வில்லங்கச் சான்றைப் போட்டுப் பார்த்தால், பத்திரங்களை வங்கியில் ஒப்படைத்து வாங்கிய கடன் ஒன்றும் அதில் தெரிந்தது. ரெராவில் பதியாத திட்டத்துக்கு விளம்பரம் செய்வதும் முன்பதிவு வாங்குவதுமே 3ஆம் பிரிவின்படி குற்றம்.

இதையெல்லாம் வீட்டில் உட்கார்ந்தபடியே பார்க்கலாம். பதிவுத்துறை இணையதளத்தில் வில்லங்கத்தைக் காசில்லாமல் பார்க்க முடியும். பட்டாவும் நிலத்தின் வகையும் வருவாய்த்துறையின் இணையச் சேவையில் கிடைக்கும். ரெரா பக்கத்தில் எண்ணை மட்டும் சரிபார்த்தால் போதாது, அந்தப் பதிவுக்குள் போய் சர்வே எண் பட்டியலையும் மனை வரைபடத்தையும் உங்கள் மனையோடு ஒப்பிட வேண்டும். எண் இருக்கிறதா என்று மட்டும் பார்க்கிறவர்களுக்காகத்தான் அதை அவ்வளவு பெரிய எழுத்தில் அச்சடிக்கிறார்கள். வீடு விற்பவர் கடன் வேண்டாம் என்று வற்புறுத்தினால், கடன் தேவைப்படாவிட்டாலும் ஒரு வங்கியில் விண்ணப்பம் போட்டுப் பாருங்கள். வங்கிக்காரர்கள் தங்கள் பணம் என்றால் நன்றாகவே துருவுவார்கள்.

நிலத்தின் கதை இது. இதைவிடப் பெரிய விஷயம் ஒன்று இருக்கிறது, அதைச் சொன்னது முதல் கட்டத்தில் குடியிருக்கும் ஓய்வுபெற்ற தலைமையாசிரியை ஒருவர். என் மனைவியைத் தன் வீட்டுக்குக் கூட்டிப்போய் சுக்குக் காப்பி கொடுத்துவிட்டுச் சொன்னாராம்: "ஏம்மா, நீங்க இங்க வீடா வாங்க வர்றீங்க? வீடு உங்க ஊர்லயே கிடைக்கும். நீங்க வாங்குறது மெஸ்ஸையும் நர்ஸையும். அது யார் பேர்ல இருக்குன்னு கேட்டீங்களா?"

கேட்கவேண்டிய கேள்வி அதுதான். முதல் கட்டத்தில் பத்திரம் பதிந்தவர்களின் பத்திரத்தில் நிலமும் கட்டடமும் மட்டுமே இருக்கின்றன. மெஸ் கட்டடம், சின்ன கிளினிக், பொதுக் கூடம் எல்லாம் நிறுவனத்தின் பெயரிலேயே இருக்கின்றன. சேவை தருவது தனியாக வேறொரு கம்பெனி. முதலில் சமையலை எடுத்து நடத்தியவர்கள் கட்டுப்படியாகவில்லை என்று போய்விட்டார்கள். தம்பதிக்கு மாதம் 11,000 என்று தொடங்கியது 16,500 ஆகி, அதன்மேல் 18% ஜிஎஸ்டி சேர்ந்து இப்போது 19,470 கட்டுகிறார்கள். இரவு நர்ஸ் கிடையாது. 24 மணி நேர ஆம்புலன்ஸ் என்று சொன்னது ஒரு ஆம்னி வேன். ஒரு பெரியவருக்கு நள்ளிரவில் நெஞ்சுவலி வந்தபோது ஓட்டுநர் ஊருக்குப் போயிருந்தார். பக்கத்து வீட்டுக்காரர்கள் 108ஐக் கூப்பிட்டார்கள், அது வந்தது, பிழைத்துக்கொண்டார். பிறகு குடும்பத்தார் அவரைத் திருநெல்வேலிக்குக் கொண்டுபோய் வைத்தியம் பார்த்தார்கள். 50 கிலோமீட்டருக்கு மேல். மாரடைப்பு வந்தால் ஆஞ்சியோ எங்கே செய்வார்கள், இரவு 2 மணிக்கு அங்கே டாக்டர் இருப்பாரா என்பதை விற்பனை ஆளிடம் கேட்டுப் பயனில்லை. அந்த ஆஸ்பத்திரிக்கே நேரில் போய்க் கேளுங்கள்.

வெளியேறும்போது என்ன ஆகும் என்று ஒப்பந்தத்தின் கடைசிப் பக்கங்களில் சின்ன எழுத்தில் இருக்கிறது. வீட்டை விற்றால் விலையில் 5% "மாற்றல் கட்டணம்". வாங்குபவருக்கும் 55 வயது ஆகியிருக்க வேண்டும், நிறுவனத்தின் சம்மதமும் வேண்டும். நமக்குப் பிறகு வீடு பிள்ளைகளுக்குப் போகும், ஆனால் அந்த வயது வரும்வரை அவர்கள் அங்கே குடியிருக்க முடியாது. பூட்டி வைத்திருந்தாலும் மாதப் பராமரிப்புப் பணம் கட்ட வேண்டும். என் மகளுக்கு இப்போது 31. அந்த வீட்டில் குடிபோக அவள் 24 வருடம் காத்திருக்க வேண்டும், அதுவரை மாதாமாதம் கட்டிக்கொண்டே. வயது நிபந்தனை இருப்பது தவறில்லை, முதியோர் குடியிருப்பு என்றால் அப்படித்தான் இருக்கும். வீட்டை விற்கும்போதும் பிள்ளைகளுக்குப் போகும்போதும் அது இப்படிக் குறுக்கே வரும் என்பதை முன்பணம் வாங்கும் வரை வாயால்கூடச் சொல்லாததுதான் மோசடி.

ஓய்வு இல்லங்களுக்கென்று மத்திய அரசு 2019இல் மாதிரி வழிகாட்டுதல் ஒன்றை வெளியிட்டது. கட்டித் தருபவர், சேவை தருபவர், வாங்குபவர் மூவரும் சேர்ந்து கையெழுத்துப் போடும் ஒப்பந்தம் வேண்டும் என்று அதில் இருக்கிறது. அது மாதிரிதான், அதை மட்டும் காட்டி யாரையும் கட்டாயப்படுத்திவிட முடியாது. ஆனாலும் அப்படி ஒரு ஒப்பந்தம் போடுவீர்களா என்று கேட்டுப் பாருங்கள். எங்கள் மேலாளர் அதற்கு மட்டும் பதிலே சொல்லவில்லை. வாட்ஸ்அப்பில் இரண்டு நீலக் குறி விழுந்ததோடு சரி.

ரத்து செய்கிறோம், பணத்தைத் திருப்பிக் கொடுங்கள் என்று பதிவுத் தபாலில் எழுதினோம். 20% பிடித்துக்கொள்வோம், மீதியை உங்கள் மனை வேறு ஆளுக்கு விற்றபிறகு தருவோம் என்று பதில் வந்தது. இல்லாத ஒப்புதலை வைத்து அந்த மனையை இன்னொருவருக்கு விற்று, அவர் பணத்தில் எனக்குத் தருவார்களாம்! நெருக்கியதும் 5 லட்சத்துக்குப் பின்தேதியிட்ட காசோலை ஒன்று கொடுத்தார்கள். அது பணமில்லை என்று திரும்பி வந்தது. இப்படி வரும் காசோலைகளை "அடுத்த வாரம் மறுபடி போடுங்கள் சார்" என்று சொல்லி நாள் கடத்துவார்கள். வங்கியிலிருந்து தகவல் வந்து 30 நாட்களுக்குள் வக்கீல் நோட்டீஸ் போய்விட வேண்டும். அதன்பின் 15 நாளில் பணம் வராவிட்டால் ஒரு மாதத்துக்குள் நீதிமன்றத்தில் புகார் கொடுக்க வேண்டும். நாங்கள் கொடுத்துவிட்டோம்.

ரெரா ஆணையத்திலும் மனு போட்டிருக்கிறோம். அங்கே எங்கள் கையிலிருக்கும் முக்கியமான சாட்சி அந்த வழவழப்பான விளம்பரப் புத்தகம்தான். விளம்பரத்தில் பொய் சொல்லிப் பணம் வாங்கியிருந்தால் வட்டியோடு திருப்பித் தர வேண்டும் என்று 12ஆம் பிரிவு சொல்கிறது. அதனால் புத்தகம், வாட்ஸ்அப்பில் வந்த குரல் பதிவுகள், தளத்தைப் பார்க்கப் போன அன்று எடுத்த போட்டோக்கள் எதையும் அழித்துவிடாதீர்கள்.

அப்புறம், பணம் கட்டிவிட்டவர்கள் இன்றைக்கே ரசீதை எடுத்து அதில் யார் பெயர் இருக்கிறது என்று பாருங்கள். எங்கள் 14 லட்சத்துக்கு வீடு கட்டும் நிறுவனத்தின் ரசீது. 6 லட்சத்துக்கோ அந்தச் சேவைக் கம்பெனியின் பெயரில், வேறு முகவரியோடு, வேறு ஜிஎஸ்டி எண்ணோடு கொடுத்திருக்கிறார்கள். ரெரா மனுவில் அந்த 6 லட்சத்துக்குத் தாங்கள் பொறுப்பில்லை என்றுதான் வீடு கட்டும் நிறுவனத்தார் இப்போது வாதம் செய்கிறார்கள். உங்களுக்கும் இரண்டு பெயரில் ரசீது இருந்தால், மனுவில் இரண்டு நிறுவனங்களையும் எதிர்மனுதாரர்களாகச் சேர்க்கச் சொல்லி வக்கீலிடம் முதல் நாளே சொல்லிவிடுங்கள். நாங்கள் இப்போதுதான் திருத்த மனு போட்டுக்கொண்டிருக்கிறோம்.