பழைய ராணுவ ரைஃபிள்: கிடங்கில் புதுப்பித்ததா, பட்டறையில் கோத்ததா?

அமெரிக்கத் துப்பாக்கிக் கடைகளில் ‘பழைய ராணுவ ரைஃபிள்’ என்ற ஒரே பெயரில் பல தரத்துச் சரக்கு விற்கிறது. அரசின் ஆயுதக் கிடங்கே பிரித்து, அளந்து, திரும்பப் பூட்டியது ஒரு வகை. அறுத்துப் போட்ட ரிசீவரை வெல்டிங் வைத்து ஒட்டியது இன்னொரு வகை. மூட்டையாக வந்த உதிரிபாகங்களைப் புது ரிசீவரில் கோத்தது மூன்றாவது வகை. வெளியே எல்லாவற்றுக்கும் மரக்கட்டையும் கறுப்புப் பூச்சும்தான். கையில் எடுத்துப் பார்த்தால் வித்தியாசம் தெரியாது.

ரிசீவர் என்பது போல்ட் (தோட்டாவைக் குழலுக்குள் தள்ளி, பின்னாலிருந்து அடைக்கும் இரும்புத் தண்டு) ஓடுகிற இரும்புக் கூடு. குழலும் போல்ட்டும் அதில்தான் வந்து சேர்கின்றன. போல்ட் பூட்டியபின் தோட்டா உட்கார எவ்வளவு இடம் இருக்கிறதோ அதுதான் ஹெட்ஸ்பேஸ். இது கூடினால், வெடிக்கும்போது பித்தளைக் கூடு பின்னால் இழுபட்டுக் கிழியும். .30-06 என்ற அமெரிக்க ராணுவத் தோட்டாவுக்கு அனுமதிக்கப்பட்ட உச்ச அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 60,000 பவுண்டு. உங்கள் கார் டயரில் இருப்பது 32 பவுண்டு சொச்சம். கூடு கிழிந்தால் அந்த வாயு சுடுபவரின் கன்னத்துக்குப் பக்கத்தில்தான் வெளியேறும்.

அளப்பதற்குத் தோட்டாவின் இடத்தில் வைக்கும் எஃகுக் கேஜ்கள் இருக்கின்றன. .30-06-க்கு ‘கோ’ கேஜ் 1.940 அங்குலம், அதன் மேல் போல்ட் மூட வேண்டும். ‘ஃபீல்ட்’ கேஜ் 1.950 அங்குலம், அதன் மேல் மூடக் கூடாது. நடுவில் இருப்பது அங்குலத்தில் நூறில் ஒரு பங்கு. ஆக, ஒரு ரைஃபிளைக் கடைசியாகப் பிரித்துப் பூட்டியவர் யார், அவர் இதை அளந்தாரா என்பதுதான் என் முதல் கேள்வி. பாகங்களில் பொறித்த வரிசை எண்கள் ஒன்றோடொன்று பொருந்துகின்றனவா என்பது அப்புறம்.

முதலில் சோவியத் ராணுவத்தின் மோசின்-நாகாந்த் 91/30. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு சோவியத் கிடங்குகள் இவற்றைப் பெருமளவில் பிரித்துப் புதுப்பித்து, கிரீஸ் பூசி அடுக்கி வைத்தன. போல்ட்டில் இருந்த பழைய எண்ணை அடித்துவிட்டு குழலில் உள்ள எண்ணைப் பொறித்திருப்பார்கள். சேகரிப்பாளர்களுக்கு இது பிடிக்காது. சுடுபவருக்கு இதுவே நல்லது. பாகங்களை மாற்றியவர்களே சோதித்தும் அனுப்பியிருக்கிறார்கள். போதாததற்கு இதன் தோட்டாவின் அடியில் விளிம்பு உண்டு. ஹெட்ஸ்பேஸ் அந்த விளிம்பில் நிற்பதால் கொஞ்சம் பிசகினாலும் தாங்கும். குறை என்றால் விசையின் கரடும் உதையும்தான்.

லீ-என்ஃபீல்ட் நம் ஊர்க் காவலர்களின் தோளில் பார்த்துப் பழகிய துப்பாக்கி. இதன் ‘நம்பர் 4’ மாடலில் போல்ட் தலைகள் 0 முதல் 3 வரை எண்ணிட்டு வரும். ரைஃபிளுக்கேற்ற தலையைப் போட்டு ஹெட்ஸ்பேஸை சரிசெய்வார்கள். வியாபாரி ஒரு பெட்டியிலிருந்து போல்ட்டையும் இன்னொன்றிலிருந்து ரைஃபிளையும் எடுத்துச் சேர்த்தால் இந்தக் கணக்கு போச்சு. உடலில் ‘டிபி’ என்ற முத்திரை இருந்தால் தொடவே வேண்டாம். அது அணிவகுப்புப் பயிற்சிக்கு என்று ஒதுக்கப்பட்டது, சுடுவதற்கில்லை. வங்காளத்தின் இஷாப்பூர் தொழிற்சாலையில் 1960-களில் செய்த 2ஏ1 மாடல், .303 தோட்டாவுக்கான பழைய ரைஃபிளை மாற்றியது என்று பலர் நினைக்கிறார்கள். இல்லை. 7.62 நேட்டோ தோட்டாவுக்கென்றே மேம்பட்ட எஃகில் புதிதாகச் செய்தது. கேஜ் வைத்துப் பார்த்துச் சரியாக இருந்தால் அதை நம்பி வாங்கலாம்.

அடுத்து எம்1 கரண்ட் என்ற ரைஃபிள். 1936-இல் அமெரிக்க ராணுவம் ஏற்றது, 50 லட்சத்துக்கும் மேல் தயாரானது. இதில் இரண்டு வழி உண்டு. ஒன்று, 1996-ஆம் ஆண்டுச் சட்டத்தால் தனி அமைப்பாக்கப்பட்ட சிஎம்பி (பொதுமக்களுக்கான துப்பாக்கி சுடும் பயிற்சித் திட்டம்) மூலம் வாங்குவது. கிரீஸ், டென்மார்க், பிலிப்பைன்ஸ் நாடுகளுக்கு இரவல் போய்த் திரும்பிய ரைஃபிள்களை அவர்கள் சோதித்து, ஹெட்ஸ்பேஸ் பார்த்து, தரம் பிரித்து விற்கிறார்கள். ஆனால் அமெரிக்கக் குடியுரிமை இருந்தால்தான் கிடைக்கும். கிரீன் கார்டு போதாது.

மற்றது, அறுத்து ஒட்டியது. ராணுவம் கழித்துக்கட்டும்போது ரிசீவரை இரும்பு அறுக்கும் கேஸ் டார்ச்சால் இரண்டாக அறுத்துப் பழைய இரும்பாக விற்றது. அந்தப் பாதிகளை வாங்கி வெல்டிங் வைத்தவர்கள் உண்டு. ரிசீவரின் வலிமை முழுக்க அதன் வெப்பப் பதத்தில் இருக்கிறது; வெல்டிங் சூட்டில் அந்தப் பதம் கலைந்துவிடும். டார்ச் தின்ற இரும்பை ஈடுகட்டாமல் ஒட்டினால் நீளமும் மாறும். இதில் பலர் யோசிக்காத ஆபத்து ஒன்று இருக்கிறது. கரண்டின் சுடும் ஊசிக்கு ஸ்பிரிங் கிடையாது. போல்ட் பூட்டும்வரை ஊசியைப் பின்னால் பிடித்து வைப்பது ரிசீவரின் குறுக்கே உள்ள ஒரு பாலம்தான். அது இருக்க வேண்டிய இடத்தில் இல்லாவிட்டால், போல்ட் முழுக்கப் பூட்டுவதற்குள் தோட்டா வெடிக்கக்கூடும். மரக்கட்டையைக் கழற்றி, ரிசீவரின் உட்புறத்தில் அரைத்த தடமோ பூச்சின் நிறத்தில் பட்டையோ தெரிகிறதா என்று டார்ச் லைட் அடித்துப் பாருங்கள். கழற்ற விடாத கடையில் வாங்காதீர்கள்.

எனக்கு மிகவும் கோபம் வருவது மூன்றாவது வகைமேல்: உதிரிபாகங்களில் கோத்த ஸ்பெயின் நாட்டு செட்மே. ஜெர்மனியின் ஜி3 ரைஃபிளுக்கு மூதாதை இதுதான். தானியங்கி ராணுவத் துப்பாக்கி என்பதால் முழுசாக இறக்குமதி செய்ய முடியாது. அறுத்த பாகங்களாக வரும். அமெரிக்க ரிசீவரில் கோப்பார்கள். பட்டியலிட்ட பாகங்களில் வெளிநாட்டுச் சரக்கு பத்துக்கு மேல் இருக்கக் கூடாது என்பதால் உள்ளூர்ப் பாகங்களும் கலக்கும்.

இதில் போல்ட் தலையின் இருபுறமும் இரண்டு உருளைகள் வெளியே தள்ளி, போல்ட் பின்னால் வருவதைத் தாமதப்படுத்தும். அவை சரியாக அமர்ந்திருக்கின்றனவா என்பதைப் போல்ட் தலைக்கும் கேரியருக்கும் (அதைத் தாங்கி ஓடும் பகுதி) நடுவில் உள்ள சந்து சொல்லும். மேகசின் (தோட்டாப் பெட்டி) இல்லாமல், தோட்டா உட்காரும் அறை காலியாக இருப்பதை உறுதிசெய்து, போல்ட்டை மூடிவிட்டு, மேகசின் வாய் வழியாக ஃபீலர் கேஜை (சந்தை அளக்கும் மெல்லிய தகடு) நுழைத்தால் 0.1 முதல் 0.5 மில்லிமீட்டருக்குள் இருக்க வேண்டும். குழலை எவ்வளவு ஆழம் அழுத்திப் பூட்டு ஊசி அடித்தார்கள் என்பதைப் பொறுத்தது இது. பிசகினால் குழலைத் திரும்ப அமர்த்த வேண்டும், அல்லது சற்றுப் பெரிய உருளை போட வேண்டும். இரண்டும் நேரம் பிடிக்கும். அவசரப்பட்ட பட்டறைகள் கண்டுபிடித்த குறுக்கு வழி, போல்ட் தலையின் பின்பக்கத்தை அரைத்துவிடுவது. கேஜ் அழகாக நுழையும். உருளைகளின் நிலை மட்டும் மாறியிருக்காது. சோதனையில் தேறியது என்று காட்டுவதற்காகவே செய்த வேலை இது. பின்முகத்தில் மட்டும் பூச்சு போய்ப் பளபளப்பாக, கரடாக இருந்தால் அரைத்திருக்கிறார்கள் என்று வையுங்கள். ஒழுங்காகக் கோத்த செட்மேயும் உண்டுதான். ஆனால் விலை மலிவு என்பதற்காக இந்தச் சீட்டாட்டத்தில் நான் உட்கார மாட்டேன்.

சரி, கேட்க ஆளில்லையா? பிரிட்டனில் லண்டன், பர்மிங்காம் போன்ற அங்கீகரிக்கப்பட்ட சோதனைச் சாலைகளின் முத்திரை இல்லாத துப்பாக்கியை விற்பதே குற்றம். ஜெர்மனியிலும் அரசுச் சோதனை கட்டாயம். அமெரிக்காவில் அப்படி எதுவும் இல்லை. அங்கே தயாரிப்பாளர் சங்கத்தின் அளவுகோல்கள் விருப்பத்தின்பேரில்தான். பொம்மை முதல் மிக்சி வரை கேள்வி கேட்கும் நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்துக்கு, 1972-ஆம் ஆண்டுச் சட்டப்படி துப்பாக்கிமேல் அதிகாரம் இல்லை. அரைத்த போல்ட்டைத் திரும்பப் பெறச் சொல்லி அது உத்தரவிட முடியாது. எனவே சிஎம்பி கரண்ட் கிடைப்பவர்கள் அதையே வாங்கலாம். மற்றவர்களுக்கு மோசினோ கேஜில் தேறிய 2ஏ1-ஓ. ஒட்டிய கரண்ட் எந்த விலைக்கும் வேண்டாம்.

கிடங்குச் சரக்கை நம்பலாம் என்பதற்கு ஒரு பெரிய விலக்கு உண்டு. 1903 ஸ்பிரிங்ஃபீல்ட் ரைஃபிளின் தொடக்ககால ரிசீவர்களைப் பதப்படுத்தியபோது, தொழிலாளர்கள் இரும்பின் நிறத்தைக் கண்ணால் பார்த்தே சூட்டைக் கணித்தார்கள். வெயில் நாளில் ஒரு நிறம், மேகமூட்டத்தில் ஒரு நிறம். அளவுக்கு மீறிச் சூடேறியவை கண்ணாடிபோல் உடையும் தன்மையாகிவிட்டன. முதல் உலகப் போர்க் காலத்தில் சில வெடித்தபிறகுதான் விஷயம் புரிந்தது. ஸ்பிரிங்ஃபீல்ட் அரசு ஆயுதத் தொழிற்சாலையின் முத்திரை இருந்து வரிசை எண் 8,00,000-க்குக் கீழே, அல்லது ராக் ஐலண்ட் தொழிற்சாலையின் முத்திரை இருந்து 2,85,507-க்குக் கீழே என்றால், சுட வேண்டாம் என்று சிஎம்பியே சொல்கிறது. கேஜும் இங்கே உதவாது. அளவு எல்லாம் சரியாகத்தான் இருக்கும், கோளாறு இரும்புக்குள்ளே. “நூறு தடவை சுட்டாச்சு, ஒன்றும் ஆகவில்லை” என்று விற்பவர் சொல்வது உண்மையாகவே இருக்கலாம். வாங்குவதானால் சுவரில் மாட்டுவதற்கு என்று வாங்குங்கள், அதற்கேற்ற விலையைப் பேசி.