முள்ளா, பச்சையா, வெள்ளையா: எந்தக் குழம்புக்கு எந்தக் கத்தரி?

எண்ணெய்க் கத்தரிக்காய்க் குழம்புக்கு எந்தக் காய் வாங்குவது என்று எங்கள் வீட்டில் ஒரு பழைய தகராறு உண்டு. அம்மா வேலூர்ப் பக்கம். முள்ளு கத்தரிக்காய் இல்லையென்றால் அன்றைக்குக் குழம்பையே மாற்றிவிடுவார். அத்தை, அதாவது மாமியார், கோயம்புத்தூர்ப் பக்கம். பச்சைக் கத்தரிக்காய்க்காரர். முதல் தடவை முள்ளு கத்தரியைக் கையில் எடுத்தவர் விரலை உதறிக்கொண்டு, “ஏங்கண்ணு, முள்ளுக் குத்தறதுக்கும் சேத்தியா காசு குடுக்கோணும்?” என்றார். அம்மா விடவில்லை: “ஒரு தடவை சாப்பிட்டுப் பார்த்துட்டுச் சொல்லுங்க சம்பந்தி.”

சரி, பேசித் தீராததைச் சமைத்துத் தீர்ப்போம் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை நான்கு வகைக் காய் வாங்கினேன். வேலூர் முள்ளு, வெள்ளை வரி ஓடிய பச்சைக் கத்தரி, முட்டை போன்ற வெள்ளைக் கத்தரி, கடையில் எப்போதும் கிடைக்கும் நீள ஊதா ஹைப்ரிட். ஒவ்வொன்றும் கால் கிலோ. ஒரே மசாலா, ஒரே புளிக்கரைசல், ஒவ்வொரு சட்டிக்கும் நான்கு கரண்டி நல்லெண்ணெய்.

முள்ளு கத்தரி பற்றி முதலில். வேலூர் மாவட்டம் அணைக்கட்டுப் பக்கத்து இலவம்பாடியின் பெயரில் புகழ்பெற்ற காய் இது. 2023 பிப்ரவரியில் ராமநாதபுரம் முண்டு மிளகாயோடு சேர்ந்து இதற்கும் புவிசார் குறியீடு கிடைத்தது. செடியின் தண்டில் முள், இலையில் முள், காய்க்கு மேலே தொப்பி போல் இருக்கும் பச்சைப் பகுதியிலும் முள். பறிக்கிறவர்கள் பாடு சொல்ல வேண்டியதில்லை. சமைக்கிற நமக்குத் தொப்பி முள் மட்டும்தான். கத்தியின் முனையால் சுற்றிவரச் சீவினால் போய்விடும். காம்பை மட்டும் வெட்டிவிடாதீர்கள். நாலாகக் கீறிய காய் சட்டியில் பிரியாமல் நிற்பது அந்தக் காம்பால்தான்.

எண்ணெயில் போட்டுப் பத்து நிமிடத்தில் தோல் சுருங்கி, ஊதா நிறம் பழுப்புக்கு மாறியது. கீறலுக்குள் மசாலா இறங்கியிருந்தது. கரண்டியால் தூக்கினால் முழுக்காயாக வந்தது, சோற்றில் வைத்து விரலால் அழுத்தினால் வெண்ணெய். வெந்தும் உடையாமல் இருப்பதுதான் இந்தக் குழம்புக்கு வேண்டிய குணம். மற்ற மூன்றிலும் இரண்டில் ஒன்றுதான் கிடைத்தது: வெந்தது உடைந்தது, உடையாதது முழுதாக வேகவில்லை. அத்தை ஒன்றும் சொல்லவில்லை, ஆனால் இரண்டாவது தடவை போட்டுக்கொண்டார்.

ஆம்பூர், வாணியம்பாடி பக்கம் பிரியாணியோடு வருகிற புளிப்புக் கத்தரிக்காய்க்கும் இதே குணம்தான் தேவை. அங்கே புளியும் எள்ளும் சேர்ந்து கொதிக்கிற கெட்டிக் குழம்பில் காய் கரைந்துவிட்டால் இலையில் மிஞ்சுவது வெறும் துவையல்தான்.

பச்சைக் கத்தரி அன்றைக்கு எண்ணெய்க் குழம்பில் தோற்றது. சதை கொஞ்சம் விறைப்பாகவே நின்றது, மசாலா ஒரு பக்கம் காய் ஒரு பக்கம் என்று இருந்தது. ஆனால் மறுநாள் அத்தை அதே காயைத் துவரம்பருப்போடு வேகவிட்டு, சின்ன வெங்காயம், பச்சை மிளகாய், தக்காளி போட்டுக் கடைந்தார். அங்கே அந்த விறைப்பே நல்லதாகிவிட்டது: பருப்புக்குள் காணாமல் போகாமல், வாயில் தனியாகத் தெரிகிற கத்தரிக்காய். எண்ணெயும் அதிகம் கேட்கவில்லை. முள்ளு கத்தரியைக் கடைசலுக்குப் போட்டால் நல்ல காய் வீண் என்றுதான் சொல்வேன்.

பச்சை வகை என்றால் கர்நாடகத்தின் மட்டு குள்ளாவைச் சொல்லாமல் விட முடியாது. உடுப்பிக்குப் பக்கத்து மட்டு கிராமத்தின் உருண்டைப் பச்சைக் கத்தரி அது. 2011-இலேயே புவிசார் குறியீடு வாங்கிவிட்டது. சோதே மடத்தின் வாதிராஜர் அந்த ஊர்க்காரர்களுக்கு விதை கொடுத்தார் என்பது அங்கே வழங்கும் கதை. உடுப்பி சாம்பாரின் செல்லப்பிள்ளை. அதற்கும் தொப்பியில் முள் உண்டு. முள் என்பது கத்தரி இனத்தின் பழைய குணம், உறவுக்காரியான கண்டங்கத்தரியைப் பார்த்தாலே தெரியும். ஆகவே சந்தையில் முள் குத்துகிற காயெல்லாம் இலவம்பாடிக் காய் என்று நம்பி இரண்டு பங்கு விலை கொடுக்க வேண்டாம். நான் கொடுத்து ஏமாந்திருக்கிறேன். முள் மட்டும் அசல், உள்ளே முழுக்க விதை.

வெள்ளைக் கத்தரி பார்க்கத்தான் அழகு. குழம்பில் சாம்பல் நிறமாகிப் பார்க்கச் சகிக்கவில்லை, தோலும் சற்றுத் தடித்திருந்தது. சுவை மட்டும் மென்மை. தேங்காய் அரைத்துவிட்ட கூட்டுக்கோ, யாழ்ப்பாணத்துக்காரர்கள் வைக்கிற மாதிரி பால்கறிக்கோ நன்றாக இருக்கும். தூத்துக்குடி மாவட்டத்தில் இருக்கும் கிள்ளிகுளம் வேளாண்மைக் கல்லூரி வெளியிட்ட கே.கே.எம். 1 ரகம் இந்த வகைதான், பால் வெள்ளையில் கொத்தாகக் காய்ப்பது.

நீள ஊதா ஹைப்ரிட்டை எல்லோரும் திட்டுவார்கள். நான் திட்ட மாட்டேன். குழம்பில் தோல் தனி, சதை தனியாகப் பிரிந்தது உண்மைதான். ஆனால் வட்டமாக நறுக்கி மஞ்சள்தூள், மிளகாய்த்தூள் தடவிக் கல்லில் வறுத்தால் அதற்கு ஈடு எதுவும் இல்லை, பஜ்ஜிக்கும் அதுதான். கொத்சு என்றால் இந்த நான்கையுமே ஒதுக்கிவிட்டுப் பெரிய குண்டு ஊதாக் காய் வாங்குங்கள். சிதம்பரத்தில் சம்பா சாதத்தோடு தருகிற கொத்சு வேறு, அதில் காயைச் சுடுவதில்லை, வறுத்துப் பொடித்த கொத்தமல்லியும் புளியும்தான் ருசி, முள்ளு கத்தரியே போதும். நான் சொல்வது சுட்டு மசிக்கிற கொத்சு. முள்ளு கத்தரியைச் சுட்டுப் பார்த்தேன். தோல் உரித்து முடித்ததும் உள்ளங்கையில் இருந்தது எலுமிச்சம்பழ அளவு சதை.

இவ்வளவு சொன்ன பிறகு ஒன்று ஒப்புக்கொள்ள வேண்டும். ரகத்தைவிடக் காயின் வயதுதான் பெரிய விஷயம். ‘கத்தரிக்காய் முற்றினால் கடைத்தெருவுக்கு வந்துதானே ஆகணும்’ என்கிற பழமொழியை நாம் ரகசியத்துக்குச் சொல்கிறோம், சமைக்கிறவர்களுக்கு அது நேரடி எச்சரிக்கை. முற்றினால் விதை கறுத்து, கசப்பும் காறலும் வந்துவிடும். புவிசார் குறியீடு வாங்கிய முற்றல் காயா, இன்று காலை பறித்த ஹைப்ரிட் பிஞ்சா என்றால் யோசிக்காமல் பிஞ்சைத்தான் எடுப்பேன். காம்பு பச்சையாக ஈரத்தோடு இருக்கிறதா, தோல் பளபளக்கிறதா என்று பாருங்கள். கட்டைவிரலால் அழுத்தினால் பள்ளம் திரும்ப எழ வேண்டும். கையில் தூக்கினால் அளவுக்கேற்ற கனம் இருக்க வேண்டும். வாங்கியதை ஃப்ரிட்ஜின் குளிர்ந்த தட்டில் தள்ளாதீர்கள். 10 டிகிரிக்குக் கீழே போனால் கத்தரிக்காய்க்கு ஆகாது, தோலில் குழி விழும், விதை பழுப்பு நிறமாகும். ஓரிரு நாளுக்கு வெளியே இருக்கலாம்.

இன்னொன்று, ஓட்டை. ‘சொத்தை இருந்தா மருந்து அடிக்காத காய்மா’ என்று தள்ளுவண்டிக்காரர்கள் சொல்வார்கள். தண்டையும் காயையும் துளைக்கிற அந்தப் புழு காய்க்குள்ளே போய் உட்கார்ந்துவிட்டால் மேலே அடிக்கிற மருந்து அதைத் தொடாது. அதனால் ஓட்டை இருக்கிற காயும் மருந்து குடித்திருக்கலாம். இந்தப் புழுவுக்காகத்தான் மரபணு மாற்றிய பி.டி. கத்தரி வந்தது. 2010 பிப்ரவரி 9 அன்று அப்போதைய சுற்றுச்சூழல் அமைச்சர் ஜெய்ராம் ரமேஷ் அதை நிறுத்திவைத்தார். இந்த மண்ணில் இத்தனை உள்ளூர்க் கத்தரி வகைகள் இருப்பதும் அந்த விவாதத்தில் ஒரு வாதமாக இருந்தது. பக்கத்து வங்கதேசத்தில் 2014 முதல் பி.டி. கத்தரியைப் பயிரிடுகிறார்கள்.

தகராறு என்ன ஆனது என்றால், போன முறை அம்மா வரும்போது முள்ளு கத்தரி நாற்று ஐந்தாறு கொண்டுவந்தார். அத்தைதான் மொட்டை மாடியில் தொட்டியில் வைத்தார், முள் குத்தக் குத்தத் திட்டிக்கொண்டே. இப்போது ஒரு செடியில் ஒரு காயை மட்டும் பறிக்க விடமாட்டேன் என்கிறார். அது மஞ்சளாகப் பழுத்துத் தொங்குகிறது, விதைக்காம். பக்கத்துத் தொட்டியில் அவருடைய பச்சைக் கத்தரியும் பூத்திருக்கிறது. மாடிக்குத் தேனீ வேறு வருகிறது. அடுத்த ஆடியில் என்ன நிறத்தில், எத்தனை முள்ளோடு காய்க்கும் என்று பார்க்க வேண்டும்.